ஓராண்டுக்கு என்ன விலை?

நீட் தேர்வை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் வாதங்களில் மிக எளிமையானது இதுதான்: எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம், ஒரே திருத்தும் முறை. விடைத்தாளைத் திருத்தும் கணினிக்குச் சாதி தெரியாது. ஊர் எது, காலனி எது என்றும் தெரியாது. பிறகு பாகுபாடு எங்கே வந்தது?

இந்தக் கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. பெயரையும் தெருவையும் பார்த்துப் பிள்ளைகளை எடைபோடும் வழக்கத்தை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். எழுதுவது யார் என்றே தெரியாத ஒரு தேர்வு நமக்கு நல்லதுதானே என்று நம் வீட்டுப் பிள்ளைகளிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு முழக்கம் போதாது. பதில் சொல்ல வேண்டும்.

தேர்வு அறைக்குள் எல்லோரும் சமம் என்பதை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அந்த அறைக்கு வந்து சேர்வதற்கு முந்தைய ஓராண்டில் யாரும் சமமில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு வேலைக்குப் போகாமல், வேறு படிப்பிலும் சேராமல், ஓர் ஆண்டு முழுக்க உட்கார்ந்து படிக்க யாரால் முடிகிறதோ அவருக்கே இன்று மருத்துவ இடம். நீட் எதை அளக்கிறது என்று கேட்டால், அந்த ஓராண்டை விலைக்கு வாங்கும் சக்தியை அளக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்கள் சொல்வது

நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஐ.ஐ.டி.யில் சேர்வதற்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது. நீட்டில் அப்படி வரம்பு எதுவும் இல்லை. கேட்பதற்கு இது தாராளமான விதி. வசதி உள்ளவர் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் எழுதுவார். இல்லாதவர் முதல் முறையோடு நிறுத்திக்கொள்வார். விதி இருவருக்கும் ஒன்றுதான்.

இதன் விளைவு என்ன? தமிழ்நாடு அரசு 2021 ஜூனில் நீதிபதி ஏ.கே.ராஜன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2016-17இல் தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில் சுமார் 12 சதவீதம் பேர்தான் முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்கள். 2020-21இல் அது 71 சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்று அந்தக் குழுவின் அறிக்கை காட்டியது. அதாவது, பள்ளியை முடித்த கையோடு டாக்டருக்குப் படிக்கச் சேர்வது இப்போது விதிவிலக்கு. ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்து சேர்வதே வழக்கம்.

அதற்கு முன்பே, 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு கணக்கு வெளிவந்தது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில், தனிப் பயிற்சி மையத்தில் படிக்காமல் வந்தவர்கள் 48 பேர். மற்ற எல்லோரும் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவர்கள்.

இந்த இரண்டு கணக்கையும் நம் காலனியில் உள்ள ஒரு குடும்பத்தோடு பொருத்திப் பார்ப்போம். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறார். அப்பா சிமென்ட் ஆலை ஒப்பந்த வேலைக்கோ சுமை தூக்கவோ போகிறார். 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் பிடித்தமில்லாமல் கைக்கு வந்தாலும் 33,600 ரூபாய்தான். திருச்சியிலோ நாமக்கல்லிலோ சென்னையிலோ விடுதியோடு சேர்ந்த ஓராண்டுப் பயிற்சிக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு?

கட்டணம் ஒரு பக்கம். பிள்ளை சம்பாதிக்காத ஓராண்டு என்பது இன்னொரு பக்கம். பிளஸ் டூ முடித்த பையன் திருப்பூருக்குப் போனால் வீட்டுக் கடனில் கொஞ்சம் அடையும். பெண் பிள்ளையாக இருந்தால் நெருக்கடி வேறு மாதிரி. படிப்பு முடிந்துவிட்டதே, எதற்கு வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று உறவுக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மில் வேலைக்கு ஆள் பிடிப்பவர் ஒரு பக்கம், மாப்பிள்ளை பார்ப்பவர் ஒரு பக்கம். இதற்கு நடுவில் இயற்பியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஓராண்டு உட்கார வேண்டும். ஒரே கேள்வித்தாள் என்று பேசுகிறவர்கள் இந்த ஆண்டைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

தகுதி என்ற பேச்சு

தகுதியைக் காப்பாற்றவே நீட் என்கிறார்கள். அந்தத் தகுதியின் அளவைப் பார்ப்போம். 2023ஆம் ஆண்டு நீட் தேர்வில் பொதுப் பிரிவினர் தேர்ச்சி பெற 720க்கு 137 மதிப்பெண் போதுமானதாக இருந்தது. 137 எடுத்தவருக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காது, உண்மைதான். ஆனால், ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்குத் திறந்தே இருக்கிறது. அதே ஆண்டில் அதைப் போல இரண்டு மடங்கு மதிப்பெண் எடுத்த பட்டியல் சாதி மாணவர், அரசு இடம் கிடைக்காமல், தனியார் கட்டணம் கட்டவும் வழியில்லாமல் வேறு படிப்புக்குத் திரும்பினார். இருவரில் தகுதியானவர் யார் என்று யாரும் விவாதம் நடத்தவில்லை.

முதுநிலை மருத்துவத்தில் இன்னும் ஒரு படி கீழே போனார்கள். 2023 செப்டம்பரில், காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி வரம்பையே எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ய சதமானமாகக் குறைத்தது மத்திய அரசு. தேர்வு எழுதியிருந்தாலே போதும் என்பதுதான் அதன் பொருள். இடஒதுக்கீட்டில் வந்த நம் பிள்ளையைப் பார்த்து 'குறைந்த மார்க் டாக்டர்' என்று முகம் சுளிப்பவர்கள், பணத்தால் குறைந்த இந்த வரம்பைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

தேர்வை நடத்திய லட்சணமும் ஊருக்குத் தெரியும். 2018இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூடுதலாக வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு நம் பிள்ளைகள் பலரைக் கேரளத்துக்கும் ராஜஸ்தானுக்கும் போய் எழுத வைத்தார்கள். 2019இல் தேனியில் ஆள்மாறாட்டம் வெளியே வந்தது. 2024இல் 67 பேர் 720க்கு 720 எடுத்ததாக முடிவு வெளியாகி, 1,563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் ரத்தாகி, மறுதேர்வு வரை போனது. காதிலிருக்கும் கம்மலைக் கழற்றச் சொல்லி நம் பெண் பிள்ளைகளைச் சோதித்த கெடுபிடி, மேலிடத்தில் நடந்த முறைகேட்டைத் தடுக்கவில்லை.

அனிதாவின் பெயர்

நம் அரியலூர் மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் செந்துறை பக்கத்துக் குழுமூர் அனிதாவை நினைக்காமல் நகர முடியாது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூவில் 1,200க்கு 1,176. மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 200க்கு 196.75. முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் அரசுக் கல்லூரி இடம் உறுதி. நீட் வந்த ஆண்டாகப் போனதால் இடமில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம்.

பள்ளியில் இரண்டு ஆண்டுகள் எதைப் படிக்கச் சொன்னார்களோ அதை முழுமையாகப் படித்தவர் அனிதா. அதற்கு மேல் ஓராண்டைக் காசு கொடுத்து வாங்கி வா என்று கடைசி நேரத்தில் விதியை மாற்றினார்கள். அந்த ஆண்டுக்கு ஓராண்டு விலக்கு கிடைக்கும் என்று மத்தியிலிருந்தும் மாநிலத்திலிருந்தும் நம்பிக்கை கொடுத்தார்கள். ஆகஸ்ட் 22ஆம் தேதி அந்த நம்பிக்கையும் கைநழுவியது.

2022 ஜனவரியில் நம் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயரைச் சூட்டுவதாக 2023இல் அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். அதோடு ஒரு கேள்வியையும் வைக்கிறோம். அந்தக் கல்லூரியின் வகுப்பறையில் செந்துறை, ஆண்டிமடம், தா.பழூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் முதல் முறையிலேயே இடம் பிடித்தவர்கள் எத்தனை பேர்? அரசு ஆண்டுதோறும் இதை வெளியிட வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்து நாம் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

பழைய முறை பொற்காலமா?

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமப்புற மாணவர்களை அது வடிகட்டுகிறது என்பதால் 2006இல் சட்டம் இயற்றி ஒழித்தார்கள். 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் அது பெரிய கதவைத் திறந்தது.

ஆனாலும் அந்தக் காலத்திலும் அரசுப் பள்ளியில் படித்து மருத்துவ இடம் பெற்றவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத் தாண்டவில்லை. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் திரும்பத் திரும்ப எழுத வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். அன்றும் ஓராண்டைப் பணத்தால் வாங்கினார்கள். அன்று அது பள்ளிக்கு உள்ளே நடந்தது, இன்று வெளியே நடக்கிறது.

ஆகவே, நீட்டை விலக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் பிள்ளைகளிடம் சொல்வது பாதி உண்மைதான். விலக்கு தேவை. பள்ளியில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தை வைத்து நடக்கும் சேர்க்கை, கடையில் வாங்கும் பயிற்சியை வைத்து நடக்கும் சேர்க்கையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 2021இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய விலக்கு மசோதாவை ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். பேரவை மறுபடியும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போயிருப்பார்கள்! விலக்கு வரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது.

7.5 தந்த பாடம்

நடுவே ஒரு நல்ல காரியம் நடந்தது. 2020இல், நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்தில் தேங்கிக் கிடந்த எண்ணிக்கை, முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ். இடங்களில் மட்டும் 300ஐத் தாண்டியது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இந்த 7.5க்குள்ளும் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதமும், அதில் அருந்ததியருக்கான 3 சதவீதமும் பொருந்தும். 2022இல் உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கே இது பொருந்தும் என்பது பொதுவான நிபந்தனை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்காது. நம் கிராமங்களில் மிஷனரிகள் தொடங்கிய உதவிபெறும் பள்ளிகளில்தான் பல காலனிகளின் பிள்ளைகள் மூன்று தலைமுறையாகப் படிக்கிறார்கள். பக்கத்தில் அரசுப் பள்ளி இல்லாததும், ஊர்த்தெருவைக் கடந்து போகவேண்டிய அச்சமும் அதற்குக் காரணம். அதே கூலி, அதே குடிசை, அதே முதல் தலைமுறைப் படிப்பு. பள்ளியின் பெயர்ப்பலகை வேறு என்பதற்காக அந்தப் பிள்ளைக்குக் கதவை மூடுவது நியாயமா?

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று: நீட் இருக்கும்வரை, அந்த ஓராண்டை அரசே நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டும். முதல் முறை எழுதி இடம் நழுவிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மாவட்டத்துக்கு ஒரு முழுநேர உண்டு உறைவிடப் பயிற்சி மையம் வேண்டும். பெண்களுக்குத் தனி விடுதி வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் நடத்தும் வகுப்பு போதாது. வீட்டுக்கு அந்த ஆண்டு இழப்பாகும் வருமானத்துக்கு ஈடாக மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். பணம் எங்கே என்று கேட்கத் தேவையில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று 2024இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியைச் செலவழிக்க இதைவிடப் பொருத்தமான வேலை எது?

இரண்டு: ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆசிரியர் பணியிடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது. விதையே போடாத வயலில் கடைசி மாதம் உரம் போட்டு என்ன பயன்?

மூன்று: கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கைக் குறைக்காமல், கலையரசன் குழு முதலில் பரிந்துரைத்த 10 சதவீதத்தை நோக்கி உயர்த்திக் கொடுக்கட்டும்.

நான்கு: சேர்க்கைப் பட்டியலை சாதிப் பிரிவு, பள்ளி வகை, பயிற்று மொழி, எத்தனையாவது முயற்சி என்ற விவரங்களோடு ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

இதைச் சலுகை என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் படிப்பைச் சொல்லுங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியாவுக்குப் போனார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். வேலை பார்த்து, காசு சேர்த்து, கடனும் வாங்கிக்கொண்டு 1920இல் மறுபடியும் லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே ஆண்டுகளை யாராவது வாங்கித் தர வேண்டியிருந்தது. நமக்குப் பக்கத்திலேயே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிச் செய்ததும் அதுதான். வயலுக்குப் போகவேண்டிய வயதில் நம் பிள்ளைகளுக்குப் படிப்பதற்கான ஆண்டுகளை அவர் தேடித் தந்தார்.

மாணவர்களுக்கு

இப்போது பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். நீட்டில் உங்களுக்கு இடம் கிடைக்காமல் போனால் அது உங்கள் மூளைக்குக் கிடைத்த தீர்ப்பு அல்ல. உங்களோடு எழுதியவர் இரண்டு, மூன்று ஆண்டுகள் கூடுதலாகப் படித்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் எங்கே படித்தீர்கள் என்பதற்கான சான்றுகளையும் சாதிச் சான்றையும் இப்போதே ஒழுங்குபடுத்தி வையுங்கள். கலந்தாய்வு நாளில் தாலுகா அலுவலக வாசலில் நிற்க நேரம் இருக்காது.

மருத்துவம் ஒன்றே வாழ்க்கை என்று வீட்டாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், சட்டம், பொறியியல் ஆகியவற்றில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 2021இல் வந்த சட்டத்தால் அவற்றிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உண்டு. நீட் முடிவுக்காகக் காத்திருந்து இந்த விண்ணப்பங்களின் கடைசித் தேதியைத் தவறவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தேர்வு என்ற வழி மருத்துவத்தோடு நிற்கவில்லை. கலை, அறிவியல் படிப்புக்கும் வந்துவிட்டது.

மனம் தளர்ந்தால் யாரிடமாவது பேசுங்கள். பேச ஆள் இல்லை என்று தோன்றினால் 104 என்ற எண்ணை அழையுங்கள். எந்த நேரத்திலும் எடுப்பார்கள். இன்னொரு பிள்ளையை இழக்க நாம் தயாராக இல்லை.

காலனியில் அரசு வேலை, ஆசிரியர் வேலை, கம்பெனி வேலை என்று ஓரளவு தலைநிமிர்ந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் தெருவில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவருக்காவது விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள், ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள், இன்னும் ஓராண்டு படிக்க விடுங்கள் என்று அந்த வீட்டில் போய்ப் பேசுங்கள். அரசிடம் கேட்பதை நிறுத்தாமலேயே இதையும் நாம் செய்யலாம்.